பச்சைக்கல் பட்ட பாடு

பாங்காக் அரண்மனை வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். குற்றம்: அரைக்கால் சட்டை. முழங்கால் தெரிய மரகத புத்தரைப் பார்க்கப் போகக் கூடாதாம். என்னைப் போன்ற பாவிகளை நம்பியே பிழைக்கும் கடை ஒன்றில், யானை படம் போட்ட தொளதொள பேன்ட் வாங்கி மாட்டிக்கொண்டேன். சர்க்கஸிலிருந்து பாதியில் ஓடிவந்தவன் மாதிரி இருந்தது. உள்ளே போய் விசாரித்தால், டிரஸ் விஷயத்தில் என்னைவிட அதிகம் படுத்தப்படுகிறவர் புத்தர்தான் என்று தெரிந்தது.

வருஷத்துக்கு மூன்று உடுப்பு. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. எல்லாம் தங்கமும் மணியும். பருவம் மாறும்போது நாட்டின் மன்னரே வந்து மாற்றிவிடுவார். இதை ஆரம்பித்த முதலாம் ராமா வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் செய்துவைத்துவிட்டுப் போய்விட்டார். பேரன் மூன்றாம் ராமா வந்துதான் ‘அடடா, சாமிக்குக் குளிருமே!’ என்று தங்கமணி கோத்த சால்வை ஒன்றைப் போர்த்தினார். பாங்காக்கில் என்ன பெரிய குளிர் என்று சிரிக்காதீர்கள். மார்கழியில் 22 டிகிரிக்கு மங்கி குல்லா மாட்டிக்கொண்டு வாக்கிங் போகும் சென்னைக்காரருக்கு அந்த உரிமை கிடையாது.

இவ்வளவு உபசாரம் யாருக்கு? 66 சென்டிமீட்டர் உயரச் சிலைக்கு. நம் வீட்டு கேஸ் சிலிண்டர் உயரம்தான். அதை எட்டாத உயரத்தில் தங்கச் சிம்மாசனம் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்தால், மேலே ஒரு பச்சைப் புள்ளி. அப்புறம் இன்னொரு சின்ன விஷயம்: அது மரகதமும் இல்லை. ஜேட் என்கிறார்கள், சிலர் ஜாஸ்பர் என்கிறார்கள். தாய்லாந்து மொழியில் ‘மொரகோட்’ என்பது நம்ம மரகதமேதான். பச்சையாக இருந்தது, மரகதம் என்று கூப்பிட்டார்கள். நம்மூரில் பழுப்பாக இருப்பதையெல்லாம் சந்தன சோப்பு என்று விற்பதில்லையா?

பிறந்த கதையைக் கேளுங்கள். மிலிந்த ராஜாவின் குடைச்சல் கேள்விகளுக்கெல்லாம் அசராமல் பதில் சொன்ன நாகசேனர்தான், ஐதீகப்படி, பாடலிபுத்திரத்தில் இதைச் செய்ய வைத்தவர். தங்கத்தில் செய்தால் திருடுவான், வெள்ளியில் செய்தாலும் திருடுவான், கல்லாக இருந்தால் விட்டுவைப்பான் என்று கணக்குப் போட்டாராம். இந்திரனும் விசுவகர்மாவும் கல் எடுக்க மலைக்குப் போனார்கள். காவல் காத்த பூதங்கள், “அந்த உசத்தியான மணி சக்கரவர்த்திக்கு ரிசர்வ் ஆகியிருக்கு, வேணும்னா இந்தப் பச்சையை எடுத்துக்குங்க” என்றன. தேவேந்திரனுக்கே செகண்ட் குவாலிட்டி! பரவாயில்லை, திருட்டு பயமாவது இல்லையே என்று நாகசேனர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பாவம், மனுஷர்.

ஐதீகம் அதை இலங்கைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பர்மிய ராஜா அனுருத்தர் திரிபிடக ஏடுகளோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றுகிறார். கப்பல் வழிதவறி அங்கோர் போய்ச் சேருகிறது. ராஜா தேடிப் போய் ஏடுகளை மீட்டுக்கொண்டு, சிலையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். கல்யாணத்துக்குப் போய் வெற்றிலைப் பையை ஞாபகமாக எடுத்துக்கொண்டு, பாட்டியை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு. அந்த ஜாதி.

சரித்திரம் ஆரம்பிப்பது 1434இல், ஓர் இடியோடு. சியாங் ராய் ஊரில் ஒரு ஸ்தூபி மேல் மின்னல் விழுந்து பிளக்க, உள்ளேயிருந்து சுண்ணச்சாந்து பூசிய சாதாரண புத்தர் சிலை ஒன்று வந்தது. கொஞ்ச நாளில் மூக்கு நுனியில் காரை உதிர்ந்தது. மடத்துப் பெரியவர் உற்றுப் பார்த்தால், மூக்கு பச்சை!

இங்கே நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. தாய்லாந்துக் கதைகளில் மின்னல் என்பது மேகலா என்ற தேவதை தன் கைமணியை மினுக்கிக் காட்டுவது. ராமசூன் என்ற அசுரன் எரிச்சலில் கோடரியை வீசுவான், படாது. அந்தச் சத்தம்தான் இடி. யார் இந்த மேகலா? மாதவியின் மகளை மணிபல்லவத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாளே, அதே மணிமேகலா தெய்வம்தான். ஆக, சிலையைக் கண்டுபிடித்த கிரெடிட் நியாயமாகப் பார்த்தால் நம்ம புகார் அம்மாளுக்கு. நல்லவேளை, இதை வைத்து அந்தச் சிலை மேல் இதுவரை யாரும் உரிமை கோரவில்லை. கோராத ஒரே கூட்டம் நாம்தான் போலிருக்கிறது.

சியாங் மாய் ராஜா சாம் ஃபங் கேனுக்குச் செய்தி போனது. உடனே எடுத்து வா என்று யானையை அனுப்பினார். யானை சிலையைச் சுமந்துகொண்டு கிளம்பியது, லாம்பாங் பக்கமாக. திருப்பினார்கள். மறுபடி லாம்பாங். மூன்றாம் முறையும் லாம்பாங். ராத்திரி பத்து மணிக்கு நம்ம ஊர் ஆட்டோக்காரர் சொல்வாரே, “அந்தப் பக்கம் வராது சார், வண்டி ஷெட்டுக்குப் போகுது” என்று. அதேதான். சிலையைக் காக்கும் ஆவிகளுக்கு லாம்பாங்தான் பிடித்திருக்கிறது போல என்று ராஜாவும் விட்டுவிட்டார். யானையோடு வாதம் செய்து ஜெயித்த ராஜா யாருமில்லை.

அவர் மகன் திலோகராஜன் வேறு ரகம். முதலில் அப்பாவையே சிம்மாசனத்திலிருந்து இறக்கினார். பிறகு 1468இல் சிலையை சியாங் மாய்க்குக் கொண்டுவந்தார். இந்த முறை யானை ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை. அப்பாவுக்கு நடந்ததை அதுவும் பார்த்திருக்கும்.

1546இல் சியாங் மாய் சிம்மாசனத்துக்கு ஆள் இல்லை. பக்கத்து லான் சாங், அதாவது இன்றைய லாவோஸ் நாட்டு இளவரசன் செத்தாதிராத்தை அழைத்துவந்தார்கள். தாய்வழியில் சொந்தம், பன்னிரண்டு வயசுப் பொடியன். சீக்கிரமே அப்பா காலமானார். காரியத்துக்கு ஊருக்குப் போகும் பையன் பெட்டியில் என்ன இருக்கும்? நாலு வேட்டி, துண்டு. இவன் பெட்டியில் மரகத புத்தர்! போனவன் திரும்பவே இல்லை, சிலையும் வரவில்லை. அந்த நாட்டு ராஜாவாகி, தலைநகரை வியன்தியேனுக்கு மாற்றி, 1565இல் சிலைக்கென்றே ஒரு மண்டபம் கட்டினான். அங்கே 200 வருஷத்துக்கு மேல் நிம்மதி.

1779இல் சயாம், அதாவது அன்றைய தாய்லாந்தின் படை வந்தது. தளபதி சக்ரி, வியன்தியேனைப் பிடித்து மரகத புத்தரைத் தூக்கினார். கூடவே பிரா பாங் என்ற இன்னொரு புனித புத்தரையும். அந்தச் சிலை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நிற்கும். பொங்கும் கடலையே ‘அமைதி, அமைதி’ என்று அடக்கும் முத்திரை. இதன் பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்தக் கைகள் யாரை அடக்கின என்றே புரியவில்லை.

சிலைகள் வந்து இறங்கியபோது சயாமில் ராஜா தாக்சின். பர்மியர்களிடம் சிதறிப்போன நாட்டை மறுபடி ஒட்டவைத்த மாவீரர். கடைசிக் காலத்தில், தான் ஞானப் படிக்கட்டில் முதல் படி ஏறிவிட்டதாக அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. எனவே பிட்சுக்கள் தன்னை விழுந்து கும்பிட வேண்டும் என்றார். புத்தரே படிப்படியாகப் போன பாதையில் இவர் லிஃப்ட் பிடித்துவிட்டார். ‘துறவி ராஜாவைக் கும்பிடும் வழக்கம் இல்லை’ என்ற பிட்சுக்களுக்குக் கசையடி. இதை எழுதிவைத்தவர்கள் அவரை இறக்கிவிட்டு வந்த வம்சத்து ஆட்கள் என்பதையும் ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1782இல் தாக்சினுக்குப் பதவியும் உயிரும் சேர்ந்து போயின. சிலையைத் தூக்கிவந்த சக்ரியே முதலாம் ராமா ஆனார்.

நதிக்கு இந்தக் கரையில், அரண்மனை நிற்கும் பக்கம், புதுத் தலைநகர். பெயர் ரத்தனகோசின், இந்திரனின் ரத்தினம். அதாவது பச்சைக்கல். அடுத்தவர் வீட்டிலிருந்து எடுத்துவந்த குத்துவிளக்கின் பெயரையே வீட்டு வாசலில் பளிங்கில் செதுக்கிவைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

பிரா பாங்கை மட்டும் அவர் அதே 1782இல் லாவோஸுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம், இரண்டு சிலைகளின் காவல் ஆவிகளுக்கும் ஒத்துப்போகவில்லையாம். ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள். 1828இல் மூன்றாம் ராமா காலத்துப் படை, பாடம் மறந்து, அதை மறுபடி தூக்கிவந்தது. மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் பழி பிரா பாங் மேல். கடைசியில் 1867இல் நாலாம் ராமா மறுபடி அனுப்பிவைத்தார். இவர் 27 வருஷம் பிட்சுவாக இருந்தவர், வானசாஸ்திரத்தில் பித்து, அடுத்த வருஷமே முழு சூரிய கிரகணத்தைக் கணக்குப் போட்டு வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டியவர். விஞ்ஞானம் வேறு, மருமகள் சண்டை வேறு என்று தெரிந்தவர்.

இத்தனை கலாட்டாவிலும் சீந்துவாரில்லாமல் இன்னொரு புத்தர் இருந்தார். மூன்று மீட்டர் உயரம், முழுக்கச் சுண்ணச்சாந்து. மூன்றாம் ராமா காலத்தில் பாங்காக் வந்து, 1935இல் வாட் திரைமித் கோயிலுக்கு மாறினார். அங்கே அவர் அளவுக்கு மண்டபம் இல்லை. தகரக் கொட்டகைக்குக் கீழே இருபது வருஷம். 1955இல் இடம் மாற்றத் தூக்கும்போது கயிறு அறுந்து விழுந்தார். காரை பெயர்ந்தது. உள்ளே அஞ்சரை டன் தங்கம்! பர்மியப் படைக்குப் பயந்து யாரோ பூசி ஒளித்திருக்க வேண்டும். பத்திரமாக வைத்த நகையை எங்கே வைத்தோம் என்று மறக்கும் பாட்டி போல ஒரு தேசமே மறந்துவிட்டது. கோயிலுக்குப் பக்கத்திலேயே பாங்காக்கின் பெரிய தங்க பஜார், யாவராத் தெரு. அந்த இருபது வருஷமும் அங்கே மோதிரத்தை ரவை ரவையாக எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மின்னல் விழுந்த சியாங் ராய் கோயிலில் 1991 முதல் ஒரு நகல் இருக்கிறது. கனடா நாட்டு ஜேட். மரியாதைக்கு மூலத்தைவிட ஒரு நூல் சிறியதாகச் செதுக்கினார்கள்.

வியன்தியேன் கதை வேறு. செத்தாதிராத் கட்டிய மண்டபத்தை 1828இல் சயாம் படை இடித்தது. 1936இல் ஆரம்பித்துத் திரும்பக் கட்டினார்கள். இன்று அது மியூசியம். வெண்கல புத்தர்கள், மர புத்தர்கள், கல்வெட்டுகள் எல்லாம் உண்டு. பெயர் மட்டும் இன்னமும் ஹோ பிரா கேவ், மரகத புத்தர் மண்டபம்தான். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்கிற தோரணையில் நிற்கிறது. போய் 240 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இல்லாத சிலையைப் பார்க்க நானும் டிக்கெட் எடுத்து உள்ளே போனேன், அதே யானை பேன்ட்டில்.