சும்மா நிற்பதற்குச் சம்பளம்

கேமரா வாங்க வீட்டில் சம்மதம் பெறுவது சுலபம். ‘61 மெகாபிக்சல்’ என்று சொன்னாலே எண்ணில் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அதைத் தாங்க ஒரு ஸ்டாண்டு வேண்டும், ஐம்பதாயிரம் ஆகும் என்று சொல்லிப் பாருங்கள்.

“அது என்னங்க பண்ணும்?”

நியாயமான கேள்வி. அது ஒன்றும் பண்ணாது. ஒன்றும் பண்ணாமல் நிற்பதுதான் அதன் வேலை. எவ்வளவுக்கெவ்வளவு ஒன்றும் பண்ணவில்லையோ, அவ்வளவுக்கவ்வளவு விலை அதிகம்.

“அதுக்கு உங்க தம்பியே இருக்காரே!”

ஃபிலிம் காலத்தில் இந்தச் செலவைத் தள்ளிப்போட வழியிருந்தது. 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி, 200 மி.மீ.க்கு 1/200, ஷட்டர் இதைவிட மெதுவாகப் போகாதவரை கையில் பிடித்தே எடுக்கலாம் என்றொரு கணக்கு. அஞ்சலட்டை அளவு பிரிண்டில் கைநடுக்கம் யார் கண்ணிலும் படாது. இப்போதோ 36 மி.மீ. அகல சென்சாரில் 9,504 பிக்சல்கள் வரிசைகட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் அகலம் 3.8 மைக்ரானுக்கும் கொஞ்சம் குறைவு. காலையில் குடித்த இரண்டாவது காபிகூடப் படத்தில் பதிவாகிவிடும். 2012-இல் 36 மெகாபிக்சலோடு டி800 வந்தபோது, நிகான் நிறுவனமே தனிக் கையேடு போட்டு, ட்ரைபாட் வைத்து எடுங்கள் என்றது. கல்யாணப் பேச்சு முடிந்தபிறகு, பெண்ணோடு பாட்டியும் வருவார் என்று சொன்ன மாதிரி.

கடையில் முதலில் காட்டிய ட்ரைபாட் 12 கிலோ தாங்குமாம். என் கேமராவும் லென்ஸும் சேர்ந்து 2 கிலோகூட இல்லை. தாங்குவது வேறு, ஆடாமலிருப்பது வேறு. என் சோபாகூட என்னைத் தாங்குகிறது. தவிர, இந்தக் கிலோக் கணக்கை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத்தான் போடுகிறது. ஆகவே நான் வேறு சோதனை வைத்தேன். கால்களை முழுக்க நீட்டி, நீள லென்ஸை மாட்டி, எதிர்ச்சாரி போர்டில் ஓர் எழுத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டு, காலை விரலால் சுண்டுவது. எழுத்து எவ்வளவு நேரம் நடுங்குகிறது என்று பார்த்தால் போதும். சில ட்ரைபாட்கள் கடைக்காரர் விலை சொல்லி முடிக்கும்வரை நடுங்கின. நடுங்காதவற்றின் விலையைக் கேட்டதும் நான் நடுங்கினேன்.

நடுத்தண்டை உயர்த்தினால் உயரம் கிடைக்கும் என்றார். கிடைக்கும்தான். மூன்று காலுக்குக் காசு கொடுத்துவிட்டு, அதன் உச்சியில் ஒற்றைக் காலில் கேமராவை நிறுத்துவானேன்?

கார்பன் ஃபைபர் விஷயம் இன்னும் வேடிக்கை. 1994-இல் கிட்ஸோ கொண்டுவந்தது. அலுமினியத்தைவிட எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். எடையைக் குறைக்கத்தான் இத்தனை பணம். ஆனால் காற்றடித்தால் ஆடாமலிருக்க எடை வேண்டுமே? அதற்காக அடியில் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். பையை அதில் தொங்கவிட வேண்டும். குறைத்த எடையைத் திரும்ப ஏற்றுவதற்கான கொக்கிக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். அதையேதான் வாங்கினேன்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். “கேமரா போகலாம் சார், ஸ்டாண்டு கூடாது” என்றார் காவலர். ஆயிரம் ஆண்டுகளாக ஆடாமல் நிற்கும் விமானத்தை, ஆடி ஆடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அனுமதி கேட்காத இடமாகப் பார்த்துச் செய்யாறு பக்கம் ஓர் ஏரிக்கரையில் விரித்தேன். கால்களை ஊன்றி, பையைத் தொங்கவிட்டு, காற்றில் படபடக்கும் கேமராப் பட்டையைக் கழற்றி, விரல் பட்டு ஆடக்கூடாதென்று 2 நொடி டைமரும் வைத்து நிமிர்ந்தால், எதிரே ஒரு பெரியவர். பின்னால் இன்னும் நாலு பேர்.

“எட்டுவழிச் சாலையா, ஏர்போர்ட்டா?”

“ஐயா, நான் நிலம் அளக்க வரலீங்க. போட்டோ எடுக்கறேன்.”

“போட்டோவுக்கு எதுக்கு இம்மாம்பெரிய ஸ்டாண்டு? எம் பேரன் போன்லயே எடுக்கறான்.”

நம்பவைக்க வேறு வழியில்லாமல் எடுத்த படத்தைத் திரையில் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகவே பெரிதாக்கிக் காட்டினேன். எதிர்க்கரைப் பனையின் ஓலைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பெரியவர் கண்ணைச் சுருக்கினார்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க. பனைக்குக் கீழ... ஒரு கல்லு தெரியுது பாரு.”

“தெரியுதுங்க.”

“அது எங்க வரப்புக் கல்லுதான். பங்காளி மூணு அடி நகர்த்தி நட்டிருக்கான். நான் சொன்னா வி.ஏ.ஓ. நம்பமாட்டேங்கறாரு.” சட்டைப்பையில் பணத்தைத் தேடினார். “பெருசா ஒரு காப்பி போட்டுக் குடுங்க தம்பி. அந்த ஸ்டாண்டையும் எடுத்துக்கிட்டு தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை வந்துடுங்க.”