பாப்பா பரீட்சை எழுதுகிறாள், யாரும் தும்மாதீர்கள்

தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளில் வக்கீலுக்குப் படிக்க நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் காட்டினால் போதும், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தரவரிசை போட்டுக் கூப்பிட்டுக்கொள்ளும். பொறியியலுக்கு இருந்த தேர்வையும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் ஒழித்தாகிவிட்டது. ஆகவே பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்த கையோடு "கிளாட் எழுதப் போறேன்" என்று அறிவித்தபோது, அது என்ன வியாதி என்பதுபோல்தான் எல்லோரும் பார்த்தார்கள். பதினேழு வயதான அந்தப் பெண்ணுக்கு ரேஷன் கார்டில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. வீட்டில் அவள் பாப்பா.

கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. அதன் ஜாதகமே கோர்ட்டில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத் தேர்வு வைக்க, பிள்ளைகள் ஊர் ஊராக ரயிலேறிக்கொண்டிருந்த காலத்தில், 2006-இல் ஒரு மாணவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதைத் தொடர்ந்து 2008-இல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முதல் கிளாட்டை நடத்தின. 2020-க்குள் கிளாட்டை நடத்தும் கூட்டமைப்பில் 22 பல்கலைக்கழகங்கள். திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் அவற்றில் ஒன்று. ஆனால் எல்லாப் பிள்ளைகளின் கண்ணும் பெங்களூரின் மேல்தான். நாட்டின் முதல் தேசிய சட்டப் பள்ளி அங்கேதான் இருக்கிறது.

பாப்பா படிக்கத் தொடங்கிய வருஷம் கொரோனா வருஷம். மே 10-இல் நடக்க வேண்டிய கிளாட், ஆகஸ்ட் 22-க்குப் போய், செப்டம்பர் 7-க்குப் போய், கடைசியில் செப்டம்பர் 28-இல் வந்து நின்றது. தேதி தள்ளிப்போனது படிக்கிறவளுக்கு லாபம். கூட இருக்கிறவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சட்டம் படிக்கிற ஒருத்தியை ஊரடங்கு காலத்தில் வீட்டுக்குள் பூட்டி வைத்தால், அவள் கைக்குக் கிடைத்த எதிரிகள் மீதுதான் வழக்குத் தொடுப்பாள்.

அந்த வருஷம் கிளாட் தன் முகத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. 200 கேள்விகள் 150 ஆயின. நீளமான பத்தியைப் படித்துப் பதில் எழுத வேண்டும், சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றார்கள். அப்படியும் பயிற்சி வகுப்புக்காரர்கள் விடவில்லை. ஆன்லைனில் முதலில் நடத்திய பாடம், உலகத்துச் சட்ட மாணவர்கள் எல்லோரும் கடந்து வந்த நத்தை வழக்கு. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் காபிக் கடை ஒன்றில் டொனகியூ என்ற பெண்மணி இஞ்சி பீர் குடித்தார். பாதி குடித்த பிறகு பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்தது என்பது அவர் புகார். 1932-இல் பிரபுக்கள் சபை, பண்டத்தைத் தயாரிக்கிறவனுக்கு அதைச் சாப்பிடப் போகிறவர் மேல் அக்கறை காட்டும் கடமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கவனக்குறைவு பற்றிய சட்டம் முழுக்க இந்த நத்தையின் முதுகில்தான் ஊர்ந்து வந்திருக்கிறது.

பாப்பா இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பட்டாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி உலக்கையை நிறுத்தினாள்.

"ஏட்டி, பொம்பள பீரு குடிக்கப் போனாளா?"

"அது பீரு இல்ல ஆச்சி. நம்ம ஊரு கலரு மாதிரி."

"கலருன்னா கலருன்னு சொல்ல வேண்டியதான. பேரு வச்சதுலயே கள்ளத்தனம் இருக்கு. அந்தக் கேஸு நிக்காது."

பிரபுக்கள் சபை வரை போன வழக்கை ஆச்சி வெற்றிலை மடிப்பதற்குள் தள்ளுபடி செய்துவிட்டாள்.

அடுத்து வந்தது 1868-ஆம் வருஷத்து ரைலண்ட்ஸ் வழக்கு. தன் நிலத்தில் தேக்கி வைத்த தண்ணீர் தப்பிப் போய் அடுத்தவன் சுரங்கத்தை மூழ்கடித்தால், தேக்கியவன்தான் பொறுப்பு, அவன் கவனமாக இருந்தானா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை என்பது சாரம். அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டுச் செய்தி பார்க்க உட்கார்ந்துவிடுவார். மேல் தொட்டி நிறைந்து, பக்கத்து வீட்டு மதில் வழியாக வழிந்து, அவர்கள் காயப்போட்ட மிளகாய் வற்றலில் போய் நிற்கும். பாப்பா மச்சிலிருந்து குரல் கொடுப்பாள்: "அப்பா, இது கடும் பொறுப்பு. மன்னிப்புக் கேட்டாலும் செல்லாது." அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளர். பொறுப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே இயல்பாக எழுந்து நின்றுவிடுகிற உத்தியோகம். மோட்டார் நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டது. அந்த வகையில் ரைலண்ட்ஸ் வழக்கு பாளையங்கோட்டைக் குடிநீரையும் கொஞ்சம் மிச்சப்படுத்தியிருக்கிறது.

தம்பி அவள் அறைக்குள் வந்தால் அத்துமீறல். அம்மா மிக்ஸி போட்டால் தொல்லை. ஆச்சி வந்தால் மட்டும் சட்டம் வளைந்தது. வீட்டுப் பத்திரம் ஆச்சி பேரில் இருந்தது.

இப்படி ஒரு மாதிரியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில், செப்டம்பர் 3-ஆம் தேதி பெங்களூர்ப் பள்ளி ஒரு குண்டைப் போட்டது. கிளாட்டுக்கு இனியும் காத்திருந்தால் ஒரு கல்வியாண்டே பாழாகிவிடும், தாங்களே தனியாக ஒரு தேர்வு வைக்கப் போகிறோம், பெயர் என்லாட், நாள் செப்டம்பர் 12, கட்டணம் 150 ரூபாய், 45 நிமிடம், 40 கேள்வி, வீட்டிலிருந்தே எழுதலாம். கேமராவும் மைக்கும் திறந்திருக்க வேண்டும், படமும் ஒலியும் பதிவாகும், இயந்திர மூளையும் மனிதக் கண்ணும் சேர்ந்து கண்காணிக்கும் என்றார்கள். கருவிகளையும் இணைய வேகத்தையும் பற்றிய நிபந்தனைகள் முதலில் கறாராக இருந்து, கூச்சல் எழுந்ததும் கொஞ்சம் இளகின.

வீட்டிலிருந்து சட்டத் தேர்வு எழுதுவது அந்த வருஷத்து உலக வழக்கம்தான். அமெரிக்காவில் 1948 முதல் நடந்துவரும் எல்சாட் தேர்வு, 2020 மே மாதம் சுருங்கி மூன்று பகுதிகளாகி மாணவர்களின் மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. அதன் இந்தியப் பதிப்பும் ஜூலையில் வீட்டிலிருந்தே. எல்லாம் சரி. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் புரியவில்லை. கதவைச் சாத்தினால் சாத்தியபடியே இருக்கும் அறை, தட்டிவிட்டு உள்ளே வரும் மனிதர்கள், முக்கால் மணி நேரம் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குடும்பம். இந்தக் கட்டுரையாளர் அப்படி ஒரு வீட்டை விளம்பரங்களில் பார்த்திருக்கிறார்.

அதனால் பாப்பா பாடத்தை மூடி வைத்துவிட்டு வீட்டைத் தயார் செய்யத் தொடங்கினாள். அமெரிக்கத் தேர்வின் பழைய தாள்களில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஏழு பேர் ஒரே வரிசையில் உட்கார வேண்டும், இன்னார் பக்கத்தில் இன்னார் கூடாது, இவர் வந்தால் அவர் வரமாட்டார், யார் எங்கே? அதே முறையில் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் வீட்டை வரைந்தாள். அப்பா பட்டாசலில் இருந்தால் டிவி ஓடும். டிவி ஓடினால் ஆச்சி பட்டாசலுக்கு வருவாள், சத்தத்தைக் கூட்டச் சொல்வாள். ஆச்சி பட்டாசலில் இருந்தால் அடுக்களையில் அம்மாவுக்குப் பேச்சுத் துணை இருக்காது, உடனே மதுரைச் சித்திக்குப் போன் போடுவாள். அம்மா போன் பேசினால் தெருமுனை வரை கேட்கும். தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு இருந்தால் இணையம் போய்விடும், வகுப்பு இல்லாவிட்டால் தம்பி வந்துவிடுவான். விடை இதுதான்: ஆச்சியும் அம்மாவும் எதிர் வீட்டில், அப்பா வங்கியில், அன்று லீவாக இருந்தாலும். தம்பி தட்டட்டியில், புறாவோடு. அமெரிக்கர்கள் இந்த வகைப் புதிர்களை 2024 ஆகஸ்டில் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் அது நடைமுறையில் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் தெரு. இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்தான் அந்தச் சித்தப்பா என்பதை மறைத்துப் பயனில்லை.

ஒத்திகையில்தான் ஆச்சி என்ற பெரிய சட்டச் சிக்கல் தெரியவந்தது. மடிக்கணினியில் கேமரா விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்துவிட்டாள்.

"இதுக்குள்ள இருந்து எவன் பாக்கான்?"

"பரீட்ச நடத்துதவங்க ஆச்சி. வேற ஆளு முகம் தெரிஞ்சா சந்தேகப்படுவாங்க."

"வயசுப் பிள்ளய முக்கா மணி நேரம் கண்ணெடுக்காம ஒருத்தன் பாப்பான், கூட ஆளு இருக்கக் கூடாதுன்னும் சொல்லுவான். இதுக்கு ஒங்க அப்பன் நூத்தம்பது ரூவா வேற கட்டியிருக்கான்."

எடுத்துச் சொல்ல எடுத்துச் சொல்ல, ஆச்சியின் வாதம்தான் பலமாகிக்கொண்டே போனது. கடைசியில், பார்ப்பது பாதி மெஷின்தான் என்று சமாதானம் செய்தார்கள். மீதிப் பாதி யார் என்று அவள் கேட்கவில்லை. தேர்வு நாளில் எதிர் வீட்டு ஜன்னலோரம் தனக்கு நாற்காலி போடச் சொன்னாள்.

இதற்கிடையில் பெங்களூர்ப் பள்ளியின் முன்னாள் துணைவேந்தர் வெங்கட ராவும், மாணவர் ஒருவரின் பெற்றோரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேர்வுக்கு முதல் நாள், செப்டம்பர் 11-ஆம் தேதி, நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: தேர்வை நடத்திக்கொள்ளலாம், ஆனால் முடிவை வெளியிடக் கூடாது, யாரையும் சேர்க்கவும் கூடாது. ஒரு சட்ட மாணவிக்கு இதைவிடச் சுத்தமான முதல் பாடம் அமையாது. கடமையைச் செய், மார்க்கைக் கேட்காதே என்பது இதுவரை தாத்தாக்கள் சொல்லி வந்தது. இப்போது கோர்ட் முத்திரையோடு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தைக்கு இதை விளக்கப் போய் அம்மா களைத்துவிட்டாள். அத்தை மகனுக்கு என்லாட்டுக்கு மறுநாள், 13-ஆம் தேதி நீட். "அதென்ன, நீட்டுக்கு இல்லாத பரீட்ச?" என்பதோடு அத்தை முடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. ஆச்சி எதிர் வீட்டு ஜன்னலில், அம்மா அவள் பின்னால் போனை அணைத்து வைத்தபடி, தம்பி தட்டட்டியில். அப்பா வங்கிக்குப் போகாமல் தார்சாவில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார், இன்வெர்ட்டரின் ஒற்றை விளக்கைப் பார்த்துக்கொண்டு. மாடியில் பாப்பா தன் அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்டுவது வரை எல்லாம் திட்டப்படி.

தெருமுனையில் விழிப்புணர்வு ஆட்டோ திரும்பியது. முகக்கவசம் அணிவீர், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவீர் என்று குழாய் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல், ஊருக்கே பரீட்சை வைப்பதுபோல முழங்கிக்கொண்டு வந்தது. சித்தப்பா நடுத்தெருவில் போய் இரண்டு கையையும் விரித்தார்.

"அண்ணாச்சி, முக்கா மணி நேரம் மட்டும் சத்தத்த நிறுத்துங்க. வீட்டுல பிள்ள பரீட்ச எழுதுது."

"கொரானா நேரத்துல எந்தப் பள்ளிக்கூடத்துல வே பரீட்ச?"

"வீட்டுலதான். கம்ப்யூட்டர்ல. வக்கீலுக்கு."

ஓட்டுநர் ஒலிபெருக்கியை நிறுத்தினார். சித்தப்பா மனிதாபிமானம் வாழ்க என்று நினைப்பதற்குள், அவர் இறங்கி வந்து, தன் தங்கச்சி வீட்டுப் பாகப்பிரிவினையில் வடக்குப் பக்கத்துச் சுவர் யாருக்கு என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பிள்ளை இன்னும் உள்ளே போகவே இல்லை, சேருவதற்குத்தான் பரீட்சை என்று சொல்லியும் விடவில்லை. பத்திரத்தின் நகல் வண்டிக்குள்ளேயே வைத்திருந்தார். 45 நிமிடமும் அந்தச் சுவரோடு கழிந்தது. தெரு சத்தமில்லாமல் இருந்தது.

பாப்பா இறங்கி வந்து "முடிச்சிட்டேன்" என்றாள். எப்படி என்று கேட்டதற்கு, ரிசல்ட் சொல்லக் கூடாது என்று உத்தரவு இருப்பதாகச் சொன்னாள்.

தொழில்நுட்பக் கோளாறில் சிக்கியவர்களுக்கு 14-ஆம் தேதி மறுதேர்வு நடந்தது. கேள்விகள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றியதாகப் புகார்கள் கிளம்பின. செப்டம்பர் 21-இல் நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது: கூட்டமைப்பில் இருந்துகொண்டு தனியாகத் தேர்வு வைத்தது செல்லாது, வீட்டிலிருந்து எழுதும் இந்த முறையில் தேர்வின் நேர்மைக்கு உத்தரவாதம் இல்லை, கிளாட்டை 28-ஆம் தேதி மையங்களில் நடத்தி, பெங்களூரும் அதன் மதிப்பெண்படியே ஆள் எடுக்க வேண்டும்.

ஆக, ஒத்திகையில் ஆச்சி எழுப்பிய ஆட்சேபணையை டெல்லியும் வேறு வார்த்தையில் ஏற்றுக்கொண்டது. ஆச்சி அதில் பெரிதாக ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. நத்தை வழக்கிலும் மேல்முறையீடு செய்தால் தான் சொன்னதுதான் நிற்கும் என்பது அவள் நம்பிக்கை.

பாப்பா தீர்ப்பின் நகலை இறக்கிக்கொண்டு அடிக்கோடு போட்டுப் படித்தாள். கிளாட்டில் கேட்டாலும் கேட்பார்களாம். அப்பா சட்டையில் பொத்தான் போட்டபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப அந்த நூத்தம்பது ரூவா?"

"அதப் பத்தித் தீர்ப்புல எங்க இருக்குன்னு தேடுதேன்பா."

"இல்லன்னா நாம ஒரு கேஸ் போடலாமா?"

பாப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்பாவை முதல் தடவையாக ஒரு கட்சிக்காரராகப் பார்த்தாள். போடலாம், ஆனால் ஆலோசனைக் கட்டணம் ஐந்நூறு ரூபாய், முன்பணம் என்றாள்.