மேங் டா வாங்கிய பேராண்டிக்கு

ஏம்ப்பா, நேத்து வீடியோ கால்ல ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுனியே, "தாத்தா, முதுகு வலிக்கு நல்ல மூலிகை, பெட்ரோல் ஸ்டேஷன்ல வாங்கினேன்"னு. அப்பவே கேட்டிருப்பேன், ஆனா உன் பாட்டி பக்கத்துலயே இருந்தா. ஹூஸ்டன்ல பெட்ரோல் ஸ்டேஷன்ல முதுகுக்கு மருந்து விக்கிறான்னா, ஆஸ்பத்திரியில டயருக்குக் காத்து அடிக்கிறானா?

அது மேல பச்சையா ஒரு இலைப் படம் போட்டிருந்துச்சே, எனக்குக் கண்ணு மங்கலானாலும் அந்த இலை மட்டும் தெரியாமப் போகுமா? மலேசியாவுல, நம்ம கெடாவுல அதுக்குப் பேரு கெத்தும். எல்லைக்கு அந்தப் பக்கம் சயாம்காரன் க்ரத்தோம்பான். காப்பிச் செடிக்கு ஒருவகையில பங்காளி. நீ பெருமையா வாசிச்சியே, "மேங் டா, உசத்தி ரகம்"னு... சயாம் பாசையில அதுக்கு லாட நண்டுன்னு ஒரு அர்த்தம். இன்னொரு அர்த்தம், பொம்பளைங்களை வச்சுத் தொழில் பண்ற மாமா. இருபது டாலர் கொடுத்து மாமாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்க. நல்லா இரு.

கெத்தும் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. நான் குடிச்சதில்லை. ரப்பர் தோட்டத்துல பக்கத்து லயத்துக்காரர் ஒருத்தர் குடிப்பார். விடியக் காலையில பால் வெட்டப் போறதுக்கு முன்னாடி நாலு இலையை வாயில போட்டு மெல்லுவார், இல்லைன்னா கொதிக்க வச்சுக் குடிப்பார். வேப்பங்காய் தோத்துடும், அவ்வளவு கசப்பு. அவர்தான் சொன்னார். வெயில் தெரியாது, அலுப்பு தெரியாது, நாலு மரம் கூட வெட்டலாம்பார். மீனவங்க, நெல்லு வயக்காரங்க எல்லாருக்கும் இது பழக்கம்தான். ஆனா ஒரு நாள் இலை கிடைக்கலைன்னா அவர் படுற பாட்டைப் பார்க்கணும். கை கால் உளைச்சல், தூக்கம் கிடையாது, மேஸ்திரி மண்டோர்கிட்ட எரிஞ்சு விழுவார். பினாங்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்துக்காரங்க தினமும் குடிக்கிற 293 பேரை விசாரிச்சு எழுதினாங்க. அதுல பாதிக்கு மேல அதை விட முடியாம மாட்டிக்கிட்டவங்க. இதைச் சொல்ல அவ்வளவு பேர் எதுக்கு, எங்க லயத்துல ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம்.

ஆனா ஒண்ணு. எங்க காலத்துல மரம் யார் வீட்டுப் பின்னாடி நிக்குதுன்னு தெரியும், காய்ச்சுன சட்டி யாருதுன்னு தெரியும். வயித்துக்கு ஒத்துக்கலைன்னா நேரா அந்த வாசல்ல போய் நின்னு நாலு வார்த்தை கேக்கலாம். பின்னாடி வந்த பொடிப்பசங்க அதுல இருமல் மருந்தையும் கோலாவையும் ஊத்திக் கெடுத்தானுங்க. இப்ப இங்க நச்சுப்பொருள் சட்டத்துல 10,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், நாலு வருசம் வரைக்கும் உள்ள. சயாம்காரன் 1943-ல தடை போட்டான், 2021-ல நீக்கிட்டான். இதெல்லாம் தெரியாம மரம் பாட்டுக்குத் தழைச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

உங்க ஊர்க் கதை இதைவிட நல்லா இருக்கு. 2016-ல மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறை இதைத் தடை பண்றோம்னு ஆகஸ்டுல அறிவிச்சான். ஜனங்க கூச்சல் போட்டதும் அக்டோபர்ல வாபஸ் வாங்கிட்டான். கல்யாணத்தை நிறுத்துன மாப்பிள்ளை மாதிரி. உணவு மருந்துத் துறை எஃப்.டி.ஏ. இதை மருந்துன்னும் ஒத்துக்கலை, சத்துணவுன்னும் ஒத்துக்கலை. அதனால கடைக்காரன் என்ன பண்ணான்? "மனிதர்கள் உட்கொள்வதற்கு அல்ல"ன்னு பொட்டலத்துல அச்சடிச்சு வித்தான். கிலோக் கணக்குல பொடி வாங்குறவன் வாசல்ல கோலம் போடவா வாங்குறான்?

2018-ல அந்தப் பொடியில சால்மொனெல்லா கிருமி. 41 மாநிலத்துல 199 பேருக்கு வயிறு கலங்கிப் போச்சு. எந்தச் சட்டி, எந்த வாசல்? யாருகிட்டப் போய்க் கேக்குறது? அதுக்கு முன்னாடி ஸ்வீடன்ல ஒருத்தன் இலைப்பொடியில டிரமடால் வகை மருந்தைக் கலந்து "கிரிப்டான்"னு பேர் வச்சு வித்து, ஒன்பது உசுரு போச்சு. மூலிகைன்னு நம்பி வாங்குனவங்கதான்.

இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் மாநிலங்க தானே சட்டம் போட ஆரம்பிச்சுது. முதல்ல யூட்டா, 2019-ல. விக்கிறவன் சரக்கை விவசாயத் துறையில பதிஞ்சுக்கணும். உங்க டெக்சாஸ் 2023-ல வந்துச்சு. பதினெட்டு வயசுக்குக் கீழ விக்கக்கூடாது, வேற எதையும் கலக்கக்கூடாது, எவ்வளவு சாப்பிடணும்னு உறையில எழுதணும். மீறினா முதல் தடவை 250 டாலர், அடுத்தது 500, அதுக்கப்புறம் ஆயிரம். கடைக்காரன் பயந்து நடுங்குவான்னு நினைக்காத. காலையில கல்லாப் பெட்டியைத் திறந்தா மத்தியானத்துக்குள்ள கட்டிடுவான்.

அந்த டெக்சாஸ் சட்டத்துல எனக்குப் பிடிச்ச வரி ஒண்ணு இருக்கு. ஏழு-ஹைட்ராக்ஸி-மித்ராஜினின்னு ஒரு சமாச்சாரம். மொத்த ஆல்கலாய்டுல அது 2 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. பேரைக் கேட்டுப் பயப்படாத. கள்ளுக்கும் சம்சு சாராயத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தோட்டத்துக் கள்ளுக்கடையில குடிச்சவன் பாட்டுப் பாடிக்கிட்டு வீட்டுக்கு வருவான். சம்சு குடிச்சவனை நாலு பேர் தூக்கிட்டு வருவாங்க. பச்சை இலையில அந்த ஏழு இருக்கா இல்லையான்னே தெரியாது. அதை மட்டும் தனியா எடுத்து, ஏத்தி, மிட்டாய் மாதிரி மாத்திரை பண்ணி விக்கிறான். 2025 ஜூலையில எஃப்.டி.ஏ. குறி வச்சதும் அந்த மாத்திரையைத்தான், இலையை இல்லை. அந்த ஆகஸ்டுல ஃப்ளோரிடா அவசர உத்தரவு போட்டதும் அதுக்குத்தான். ஒரு தடவையாவது கவர்மெண்டு கள்ளையும் சம்சுவையும் பிரிச்சுப் பார்த்தானேன்னு எனக்குச் சந்தோசம். இங்க அந்தப் புத்தி வரலை.

தீபாவளிக்கு ஓர்லாண்டோவுல அத்தை மகன் வீட்டுக்குக் கார்லயே போறேன்னியே. பொட்டலத்தைக் கார்ல வைக்காத. கிளம்புற டெக்சாஸ்ல அது சரக்கு, போய்ச் சேர்ற ஃப்ளோரிடாவுலயும் சரக்கு, இருபத்தியொரு வயசு ஆகியிருந்தா. நடுவுல லூசியானாவுல 2025 ஆகஸ்டுல இருந்து குற்றம். அலபாமாவுல 2016-லயே குற்றம். ஒரே ரோடு, ஒரே பொடி. மாமாவைப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சுக்கிட்டுப் போனா போலீஸ் சும்மா விடுவானா?

முதல்ல அந்த உறையைத் திருப்பிப் பாரு. செஞ்சவன் விலாசம் இருக்கா? ஏழு எத்தனை சதவீதம்னு போட்டிருக்கானா? சோதனைச் சீட்டு எங்கன்னு கடைக்காரனைக் கேளு. அவன் தலையைச் சொறிஞ்சா, கடையிலேயே வச்சுட்டு வந்துடு. முதுகு வலின்னா டாக்டரைப் பாரு, இல்லைன்னா அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சு நாலு தெரு நட. அந்தப் பக்கத்து லயத்துக்காரர் இதைவிட எத்தனையோ மடங்கு கசப்பாக் குடிச்சும் முதுகு வலி அவருக்கு இன்னைக்கும் விடலை. ராத்திரியில திரும்பிப் படுக்க முடியலை.

சரி, போனை வைக்கிறேன். பாட்டி வர்றா. அந்தப் பக்கத்து லயத்துக்காரர் பேர் என்னன்னு நாப்பது வருசமாக் கேட்டுக்கிட்டே இருக்கா.