ஏழாவது சிலிண்டரின் மாமியார்

டெக்சஸ் பக்கம் சனிக்கிழமை காலையில் எந்தத் தெருவிலும் இவரைப் பார்க்கலாம். வீட்டு வாசலில் ஒரு ஷெவர்லே சில்வராடோ, பானெட் திறந்து கிடக்கும். வாங்கும்போது அது 5.3 லிட்டர் வி8 இன்ஜின் வைத்த சாதுவான பிக்கப். இப்போது ஏறி உட்கார ஏணி கேட்கும் உயரத்துக்குத் தூக்கியாயிற்று. டயர்கள் டிராக்டரோடு போட்டி போடுகின்றன. பின்னால் உள்ள சரக்குத் தட்டில் மட்டும் இன்றுவரை ஒரு மூட்டை ஏறியதில்லை. அந்த இன்ஜினில் ஏழாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கிறது. இவர் காரணம் தேடுகிறார். பாவம், விவரம் தெரியாதவர் என்று யாராவது இரங்கினால் அது வீண். இவருக்கு இருக்கும் இன்ஜின் அறிவு சில மெக்கானிக்குகளுக்கே கிடையாது. கோளாறு வேறு இடத்தில். இவர் தன் வண்டிக்கு மாமியார். கம்பெனியிலிருந்து வந்த பாகமெல்லாம் மருமகள். தானே வாங்கி மாட்டியதெல்லாம் பெற்ற பெண்.

எப்படி என்கிறீர்களா? முதலில் ஸ்பார்க் பிளக் எட்டையும் மாற்றுவார். அடுத்த வாரம் எட்டுக் காயில்கள். அப்புறம் இன்ஜெக்டர்கள். காயில் மேல் சந்தேகம் என்றால், ஏழாவது சிலிண்டரின் காயிலை ஐந்தாவதில் மாட்டிப் பார்த்தாலே போதும். மிஸ் ஐந்துக்கு மாறினால் காயில் குற்றவாளி, ஏழிலேயே நின்றால் நிரபராதி, காலணா செலவில்லை. அடுத்தவர் வண்டிக்கு இதே யோசனையை இவரே சொல்வார். தன் வண்டியில் அந்த ஏழாவது சிலிண்டர் பக்கம் கண்ணே போகாது. அங்கேதான் ஆசை ஆசையாகப் போட்ட ஹெட்டர் பளபளக்கிறது. இந்த இன்ஜினில் காயில் பிளக்கின் தலையில் உட்காருவதில்லை. வால்வு கவர் மேலிருந்து ஒரு குட்டி ஒயர் வழியாகத்தான் பிளக்குக்கு மின்சாரம் போகிறது. பழைய வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் இருந்த இடத்தில் ஹெட்டரின் நீள நீளமான எஃகுக் குழாய்கள் வந்ததும், அதில் ஒன்று ஒயரின் ரப்பர் மூடியை ஒட்டி நிற்கிறது. ரப்பர் கருகி, ஓரம் வெடித்துவிட்டது. பிளக்குக்குப் போகவேண்டிய பொறி குறுக்கு வழியில் குழாய்க்குத் தாவுகிறது. இருட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்தால், நீலமாக டிக் டிக்கென்று அது தாவுவது கண்ணுக்கே தெரியும்.

இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் இந்த மாதிரி வண்டிகளுக்கு ஓபிடி-2 என்ற கோளாறு சொல்லும் ஏற்பாடு கட்டாயம். ஸ்கேனரை மாட்டினால் பி0307 என்று காட்டும். ஏழாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது எங்கே சற்றுத் துவள்கிறது என்று ஒரு பல்சக்கரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, கம்ப்ரஷன் போய்விட்டதா என்று அதற்குத் தெரியாது. ஜுரம் டைபாயிடா மலேரியாவா என்று தெர்மாமீட்டர் சொல்லுமா? போதாக்குறைக்கு, இவர் வண்டியில் சாட்சி ஏற்கெனவே கலைக்கப்பட்டவன். உறுமல் கம்பீரமாக இருக்கட்டும் என்று கேம் ஷாஃப்டை மாற்றியிருக்கிறார். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடிப்போய், ஐடிலில் வண்டி தடக், தடக்தடக் என்று நொண்டுகிறது. கம்ப்யூட்டர் அதையும் மிஸ் என்றே எழுதும் என்பதால், டியூனிங் செய்தவர் ஐடிலில் அதன் வாயைக் கட்டிவிட்டார். நன்றாக ஓடிய இன்ஜினை நொண்டவைக்கப் பணம் கொடுத்தவர், அது ஏன் நொண்டுகிறது என்று கண்டுபிடிக்க மறுபடி பணம் கொடுக்கிறார்.

கம்பெனிப் பாகம் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. பெட்ரோலை மிச்சம் பிடிக்க 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்களை அவ்வப்போது தூங்கவைக்கும் ஏற்பாடு இந்த வகை இன்ஜின்கள் பலவற்றில் உண்டு. அதற்கான லிஃப்டர்கள், அதாவது வால்வைத் தள்ளிவிடும் பாகங்கள், கெட்டுப்போவது ஊரறிந்த விஷயம். ஏழு அந்தப் பட்டியலில் இருப்பதால் இவரும் உற்சாகமாக லிஃப்டரையே கைகாட்டுவார். ஆனால் கேம் மாற்றியபோதே அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதா லிஃப்டர் போட்டதும் இவர்தான். குற்றவாளி ஊரைவிட்டே போய்விட்டான். வழக்கு இன்னும் அவன் பேரில். அவன் இருந்திருந்தாலும், லிஃப்டரைப் பார்க்கச் சிலிண்டர் ஹெட்டை இறக்கவேண்டும், ஒயரைப் பார்க்க டார்ச் லைட் போதும்.

கடைசியில் ஒருநாள் அந்த ஒயர் அகப்படும். "இவ்வளவு மட்டமாகவா ஒயர் செய்வான்?" என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே, ஹெட்டர் மேல் படிந்த கரியை மெல்லிய துணியால் பதமாகத் துடைத்துவிடுவார்.