மின்சார கார்: புதுசா, பழசா?

கேள்வி: சென்னைக்குள் மட்டும் ஓட்ட மின்சார கார் வாங்கப் போகிறேன். புதுசா, செகண்ட் ஹேண்டா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: ஆபீஸ், மார்க்கெட், மாமியார் வீடு, அவ்வளவுதானே? செகண்ட் ஹேண்டே போதும். விலை இறங்கிய வலியை முதல் ஓனரே அனுபவித்து முடித்திருப்பார். ஆனால் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் பேட்டரியின் ஆரோக்கிய ரிப்போர்ட்டைக் கேளுங்கள். பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி தருகின்றன. மிச்சம் எவ்வளவு, உங்கள் பெயருக்கு மாறுமா என்று பார்த்துவிடுங்கள்.

அப்படியே, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வண்டி எங்கே நின்றது என்றும் விசாரியுங்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் என்றால் அட்வான்ஸ் கொடுக்கலாம். பேஸ்மென்ட்டில் என்றால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஆமாம், பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க உங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் ஒத்துக்கொண்டதா? இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம்.