கரிசல் காட்டில் உயிர்பிழைப்பது எப்படி?

உலகம் அழிந்த பிறகு பொட்டல்காட்டில் அலைந்து, கிடைத்ததைப் பொறுக்கித் தின்று உயிர்பிழைக்கும் வீடியோ கேம் ‘ஃபால்அவுட்’. முதல் பாகம் 1997இல் வந்தது. மூன்றாம் பாகத்தை இந்தியாவில் விற்கப்போவதில்லை என்று 2008இல் மைக்ரோசாஃப்ட் கைவிரித்தது. கலாசாரக் காரணங்களாம். அதில் மேயும் இரட்டைத் தலை மாட்டுக்கு ‘பிராமின்’ என்று பெயர் வைத்ததுதான் வினை என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

கரிசல் காட்டுச் சூலக்கரைக்காரனுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவன் பூட்டனை 1876லேயே அந்த ஆட்டத்தில் இறக்கிவிட்டாயிற்று. பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகவும் முடியாது. சோறு இல்லாததுதான் ஆட்டமே. புதிதாக ஆட வருவோருக்குப் பெரியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள் இதோ.

1. இறங்கிய இடத்தைப் பார்த்து அழாதீர்கள்

சூலக்கரையில் கண் விழிக்கிறீர்கள். பக்கத்து ஊர் விருதுபட்டி. அது விருதுநகர் ஆக 1923 வரை பொறுக்க வேண்டும். நாலாபக்கமும் கரிசல். மழை பெய்தால் மண் காலை விடாது, பெய்யாவிட்டால் வெடிப்பு காலை விடாது. தென்மேற்குப் பருவ மேகம் மலைக்கு அந்தப் பக்கமே மூட்டையை அவிழ்த்துவிட்டு, இந்தப் பக்கம் கையை வீசிக்கொண்டு வரும். உங்கள் பையில் கொஞ்சம் கம்பு, கொஞ்சம் சோளம். எதிரே ஒரு பனை. அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பதநீர், நுங்கு, கிழங்கு, கருப்பட்டி, கூரைக்கு ஓலை, அடுப்புக்கு மட்டை என்று எல்லாம் ஒரே மரத்தில். எந்த கேம் கம்பெனியும் இவ்வளவு தாராளமாக ஒரு பொருளைக் கொடுத்ததில்லை.

2. அரசாங்கம் உதவ வந்தால் உஷார்

தாது வருஷப் பஞ்சம், 1876–78. தென்னாட்டில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். வைஸ்ராய் லிட்டன் பிரபுவுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை: 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் விக்டோரியாவைப் பேரரசி ஆக்க வேண்டும். பந்தி முடிந்து கைகழுவிய பின், பஞ்சத்தைக் கவனிக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை மதராஸுக்கு அனுப்பினார்.

டெம்பிளுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1874இல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கி ஜனங்களைச் சாகவிடாமல் காப்பாற்றிவிட்டார். இவ்வளவு செலவா என்று மேலிடத்தில் வறுத்தெடுத்துவிட்டார்கள். சூடு கண்ட மனிதர் இந்த முறை உஷாராகிவிட்டார். நாள் முழுக்க மண் வெட்டும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், மேற்கொண்டு ஓரணா. ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். இது உடம்புக்குக் காணாது என்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் கணக்குப் போட்டுக் காட்டினார். டெம்பிளின் கணக்கில் பிழைத்தது கஜானா மட்டும்.

ரயில் வந்துவிட்டதே, தானியம் வந்து சேருமே என்கிறீர்களா? தானியம் பசியைப் பார்த்து ரயிலேறாது, விலையைப் பார்த்துத்தான் ஏறும். ஜனங்கள் தூத்துக்குடிக்கு நடையைக் கட்டி, இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குக் கப்பலேறினார்கள்.

3. ஒண்டியாக ஆடாதீர்கள்

விருதுபட்டி நாடார் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுப்பெட்டியில் போட்டார்கள். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி பள்ளிக்கூடத்துக்கென்று தனியே போனது. 1889இல் சத்திரிய வித்யாசாலை எழுந்தது. அங்கே ஆறாவதோடு நின்றுபோன ஒரு பையன் பிற்பாடு முதலமைச்சராகி, மாநிலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார். ஆறாம் லெவலில் வெளியேறி ஆட்டத்தையே ஜெயித்தவர் காமராஜர் ஒருவர்தான்.

4. வித்தை இல்லையென்றால் மேப்பைத் தாண்டுங்கள்

சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்கு வண்டியேறி, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பெய்யாத ஊர் என்ற சாபம் ஒரே நாளில் வரமானது: குச்சி காய இதைவிட நல்ல ஊர் ஏது?

வில்லன் இல்லாத ஆட்டம் உண்டா? 1923இல் சுவீடன் தீப்பெட்டிக் கம்பெனி விம்கோவைத் தொடங்கி மிஷினோடு வந்து நின்றது. பின்னால் இருந்தவர் உலகத் தீக்குச்சிச் சக்கரவர்த்தி ஐவார் குரூகர். 1932இல் அவர் செத்ததும் சாம்ராஜ்யம் கடனில் சரிந்தது. கையால் குச்சி அடுக்கிய சிவகாசி நின்றது.

ஆனால் அந்த வெற்றியில் ஒரு கள்ள ஆட்டமும் உண்டு. விடியுமுன் பிள்ளைகளைப் பஸ்ஸில் அள்ளிக்கொண்டு போய்த் தீப்பெட்டி ஆபீசில் உட்காரவைத்தார்கள், பல பத்தாண்டுகள். அதைப் பெருமைக் கணக்கில் எழுத முடியாது.

5. வெடிமருந்து அறையில் வீரம் வேண்டாம்

கேமில் செத்தால் மறுபடி எழலாம். சிவகாசியின் இன்னொரு பிழைப்பான பட்டாசு ஆபீசில் அந்தப் பொத்தான் கிடையாது. பருத்தித் துணி உடுத்துங்கள். நைலான் உரசினாலே பொறி. செல்போனை வாசலுக்கு வெளியே வையுங்கள். அறைக்கு இத்தனை பேர் என்றால் அதற்கு மேல் ஒருவரும் கூடாது. புகை கண்டால் அந்தப் பக்கம் ஓடாதீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் செத்த முப்பதுக்கும் மேற்பட்டோரில் பலர் வேலையாட்களே அல்ல. உதவ ஓடியவர்கள், வேடிக்கை பார்க்கப் போனவர்கள்.

6. நாணயத்தைச் சேர்த்து வையுங்கள்

ஃபால்அவுட்டில் சோடா பாட்டில் மூடிதான் பணம். என்ன கற்பனை என்று வியக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் தீப்பெட்டிப் படத்தைக் கிழித்துப் பல காலம் பொருளாதாரமே நடத்தினார்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கும் படத்துக்கு மதிப்பில்லை. ஊரில் இல்லாத படம் ஒன்றை எடுத்து நீட்டினால் எதிராளியின் கத்தையே கைமாறும்.

விலைவாசியும் சொன்னபடி கேட்டது. 2007இல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, 14 வருஷம் அசையாமல் கிடந்து, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாய் ஆனது. ரிசர்வ் வங்கிக்கே வாய்க்காத கட்டுப்பாடு. நிஜமாகவே உலகம் அழிந்தாலும் அடுப்புப் பற்றவைக்க நெருப்பு தேடி எல்லோரும் இந்தப் பக்கம்தான் வந்தாக வேண்டும். வரும்போது பாட்டில் மூடியை மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள், இங்கே செல்லாது. அரிதான படமாக நாலு கொண்டு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.