342 என்றால் 342தான்

ஹாலிவுட் படத்தில் ஒருவர் வாக்கிடாக்கியைப் பிடித்துக்கொண்டு "ஃபைவ் அலாரம்!" என்று அலறினால், யாரோ நெருப்பின் அக்குளில் தெர்மாமீட்டர் செருகிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. முதல் அழைப்பையும் சேர்த்து, "வந்த ஆள் போதாது, இன்னும் அனுப்பு" என்று எத்தனை தடவை ஆள் கேட்டார்களோ, அதுதான் அந்த எண். கல்யாண வீட்டில் ஐந்தாம் பந்தி நடக்கிறது என்றால் அது பசியின் அளவா என்ன? இலை எத்தனை முறை போட்டார்கள் என்ற கணக்கு. மூன்றே வண்டி இருக்கும் ஊரில் முழு ஊரே எரிந்தாலும் ஐந்தாவது அலாரம் கிடையாது. அனுப்ப ஆள் இருந்தால்தானே.

இந்தக் கணக்கு வருவதற்கு முன்னால் அமெரிக்க நகரங்களில் தீயணைப்பு என்பது கிட்டத்தட்ட ஊர்த் திருவிழாச் சண்டை. கோபுரத்தில் ஒரு காவலாள். புகை கண்டால் மணியடிப்பார். எத்தனை அடி என்பதை வைத்து எந்த வட்டாரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க்கின் தொண்டர் படைகள் மணிச் சத்தம் கேட்டதும் ஓடும். தீயை அணைக்க அல்ல, அடுத்த படைக்கு முன்னால் தெருக்குழாயைப் பிடிக்க. வாட்டசாட்டமான ஒருவனை ஒரு பீப்பாயோடு முன்னால் அனுப்பிவிடுவார்கள். குழாயின் மேல் பீப்பாயைக் கவிழ்த்து, அதன்மேல் அவன் உட்கார்ந்துகொள்வான். எதிரணி வந்து அவனை எழுப்பப் பார்க்கும். அதற்குள் வீட்டுக்காரர் தெருவில் நின்று இரண்டு காட்சிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைத் திருத்த பாஸ்டனில் இருவர் கிளம்பினார்கள். வில்லியம் சானிங், மருத்துவம் படித்தவர். மோசஸ் ஃபார்மர், மின்சாரக் கிறுக்கு. மனித உடம்பில் நரம்பு ஓடுவதுபோல நகரத்துக்குத் தந்திக் கம்பி ஓட வேண்டும் என்பது சானிங்கின் கனவு. 1852 ஏப்ரல் 28 அன்று உலகின் முதல் தீ அறிவிப்புத் தந்தி பாஸ்டனில் வேலைசெய்யத் தொடங்கியது. தெருமுனையில் பெட்டி, அதில் ஒரு கைப்பிடி. சுற்றினால் பெட்டியின் எண் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். மறுநாளே தீ. ஒருவர் ஓடிவந்து சுற்றினார். பதற்றத்தில் காபிக்கொட்டை அரைப்பதுபோல் சுற்றிவிட்டார். அலுவலகத்தில் இருந்தவருக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. கடைசியில் சுற்றியவரே அலுவலகத்துக்கு ஓடிப்போய் வாயால் சொன்னார். மின்சார யுகத்தின் முதல் தீச் செய்தி கால்நடையாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் யோசனை நல்லது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை வந்தது. முதல் அலாரத்துக்கு இன்ன இன்ன வண்டி, இரண்டாவதற்கு இன்னது, மூன்றாவதற்கு இன்னது என்று எல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கும். நடுராத்திரியில் யாரும் மூளையைச் செலவழிக்க வேண்டாம். எண் வந்தால் அட்டை, அட்டை சொன்னால் வண்டி. இதில் ஒரே ஒரு சிக்கல். எண் தப்பாக இருந்தால் அட்டை மிக ஒழுங்காகத் தப்பான வண்டிகளை அனுப்பும்.

1871 அக்டோபர் 8, சிகாகோ. நீதிமன்றக் கோபுரத்தில் மத்தியாஸ் ஷாஃபர் காவல். தென்மேற்கே வெளிச்சம் தெரிந்தது. கீழே தந்தி மேசையில் இருந்த வில்லியம் பிரவுனிடம் "342ஆம் பெட்டியின் எண்ணை அடி" என்றார். பிரவுன் அடித்தார். தீ இருந்ததோ அந்தப் பெட்டியிலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி, டிகோவன் தெருவில் ஓலியரி குடும்பத்தின் மாட்டுக் கொட்டகையில். கொஞ்ச நேரத்தில் ஷாஃபருக்குத் தவறு புரிந்தது. "319ஐ அடி" என்றார். பிரவுன் மறுத்துவிட்டார். இப்போது மாற்றினால் எல்லாரும் குழம்பிவிடுவார்களாம். நம் ஊர் ஆபீசாக இருந்தால் "ஃபைல் மேலே போயிடுச்சு சார்" என்றிருப்பார்கள். அட்டைப்படி வெகுதூர வண்டிகள் கிளம்ப, பக்கத்து வண்டிகளில் சில தங்கள் நிலையத்திலேயே நின்றன. முதலில் போய்ச் சேர்ந்த படை தன் சொந்தக் கண்ணால் தீயைப் பார்த்துவிட்டு, எந்த அலாரத்துக்கும் காத்திராமல் ஓடிய படை.

இன்னொரு கூத்தும் நடந்தது. பக்கத்து மருந்துக்கடைச் சுவரில் ஓர் அலாரப் பெட்டி. விஷமிகள் தொடாமல் இருக்கப் பூட்டி, சாவியைக் கடைக்காரர் புரூனோ கோலிடம் கொடுத்திருந்தார்கள். சாவி கேட்டு வந்தவருக்கு அவர் தரவில்லை என்றார்கள். நானேதான் பெட்டியை இழுத்தேன் என்று பின்னால் அவர் சத்தியம் செய்தார். நீதிமன்றத்துக்கு அந்தப் பெட்டியிலிருந்து எதுவும் வரவில்லை. தீ ஊருக்குள் பரவியது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். பழி மட்டும் மாட்டின் மேல். விளக்கை உதைத்ததாம். அந்த மாட்டையும் திருமதி ஓலியரியையும் சிகாகோ நகரமன்றம் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தபோது ஆண்டு 1997. நீதிமன்ற மணியோ அன்றிரவு விழும்வரை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதை உருக்கிக் குட்டி மணிகளாக்கி நினைவுப்பொருளாக விற்றார்கள். வியாபாரத்துக்கு மட்டும் எண் தப்பவில்லை.

பாஸ்டனின் தீயணைப்புத் தலைவர் ஜான் டாம்ரெல் சிகாகோவுக்கே போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊர்த் தண்ணீர்க்குழாய் மெலிசு, மாற்றுங்கள் என்று கெஞ்சினார். செலவு அதிகம் என்று உட்காரவைத்தார்கள். 1872 நவம்பரில் ஊர்க் குதிரைகளுக்கெல்லாம் காய்ச்சல். நீராவி இயந்திரங்களை மனிதர்களே கயிறு கட்டி இழுக்க வேண்டிய நிலை. அந்த மாதம் 9ஆம் தேதி மாலை சம்மர் தெருவில் தீப்பிடித்தது. இங்கும் பெட்டிக்குப் பூட்டு. 52ஆம் எண் பெட்டி 7.24க்கு இழுக்கப்பட்டபோது தீ கூரையேறியிருந்தது. அலாரத்துக்கு மேல் அலாரம். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ரயிலேறி வந்து இறங்கினார்கள் வீரர்கள். பலருடைய குழாய் மரை பாஸ்டன் குழாயில் பொருந்தவில்லை. கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள், தண்ணீர்தான் வரவில்லை. சும்மா இருக்க முடியாத பெரிய மனிதர்கள் வெடிமருந்து வைத்துக் கட்டடங்களைத் தகர்த்தார்கள். தீ அதையும் ஏற்றுக்கொண்டது. 776 கட்டடங்கள் போயின. பழி டாம்ரெல் மேல். இந்த முறை மாடு கிடைக்கவில்லை.

தீயணைப்பு வண்டிகளை ரசித்துப் பின்னாலேயே ஓடும் ஆர்வலர்கள் அமெரிக்காவில் சங்கம் வைத்திருக்கிறார்கள். பாஸ்டனில் உள்ள ஒன்றின் பெயர் 52ஆம் பெட்டிச் சங்கம். 342க்கு யாரும் சங்கம் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. வைத்தாலும் கூட்டத்துக்கு எல்லாரும் ஒரு மைல் தள்ளித்தான் போய் நிற்பார்கள்.